தகட்டில் 1758 என்று இருந்தால் தாளும் 1758 ஆகிவிடாது: 680 பவுண்டு போனது, நீங்களாவது ஏமாறாதீர்கள்

இங்கிலாந்தில் பழைய அச்சுப்படம், அதிலும் 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் படம், இணையத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால் பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 680 பவுண்டு போய்விட்டது. நேற்று இரவு வங்கியின் கடைசிப் பதிலும் வந்தது, அதைப் படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன். கடைசியில் சில ஆலோசனைகளும் சொல்கிறேன்.

நான் வாங்கியது வில்லியம் ஹோகார்த் 1758 செப்டம்பர் 4 அன்று வெளியிட்ட 'தி பெஞ்ச்' என்ற படம். வழக்கறிஞர்களுக்கு அதைப் பார்த்ததுமே பிடித்துவிடும். நான்கு நீதிபதிகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் இருப்பவர் சர் ஜான் வில்ஸ், காமன் ப்ளீஸ் என்ற அன்றைய உரிமையியல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. முகத்தைவிட டோப்பாதான் பெரிதாகத் தெரியும். பக்கத்தில் கண் அசந்துவிட்ட நீதிபதி. வழக்கு என்ன, வாதாடுபவர் யார், எதுவும் படத்தில் கிடையாது. துணி மடிப்பும் டோப்பாவும் தொங்கும் கன்னங்களும்தான். ஹோகார்த் இதைக் கேலிச்சித்திரம் என்று ஒப்புக்கொள்ளவில்லை. உள்ள குணத்தை உள்ளபடி வரைவது வேறு, மூக்கை இழுத்து நீட்டிக் கேலி செய்வது வேறு என்று படத்துக்குக் கீழேயே நீளமாகப் பொறித்துவைத்தார். அதனால்தான் எனக்கு இந்தப் படத்தின் மேல் இத்தனை ஆசை. மிகைப்படுத்தாமலே சுடுகிறது.

அப்பா நெல்லையில் 41 வருடம் வக்கீலாக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் லண்டன் வந்திருந்தபோது ஒரு புத்தகத்தில் இந்தப் படத்தைக் காட்டினேன். அரை மணி நேரம் கீழே வைக்கவில்லை. தூங்கும் நீதிபதியின் மேல் விரலை வைத்து, "இவரை எனக்குத் தெரியும்மா, இவர் முன்னாடி நான் வாதாடியிருக்கேன்" என்று சிரித்தார். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு இதைத்தான் கொடுப்பது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். பிரதி வேண்டாம், ஹோகார்த் உயிரோடு இருந்தபோது அச்சான தாளே வேண்டும் என்று இரண்டு வருடம் பணம் சேர்த்தேன்.

பழம்பொருட்கள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் அது கிடைத்தது. பெயர் சொல்லப்போவதில்லை. தனித்தனி விற்பனையாளர்கள் கடை விரிக்கும் தளம் அது. விலை 720 பவுண்டு. 'அசல் செப்புத்தகட்டு அச்சு, 1758' என்று போட்டிருந்தது. செப்புத்தகட்டில் படத்தைச் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடிப்பது அது; ஒரே தகட்டிலிருந்து எத்தனையோ தாள்கள் எடுக்கலாம். பழைய கறுப்பு மரச்சட்டம், கண்ணாடி, படத்தின் ஓரங்களை மூடியபடி சுற்றிலும் அகலமான தந்தநிற மவுண்ட் அட்டை. அந்த மவுண்டை நினைவில் வையுங்கள்.

விற்பனையாளரிடம் போனில் பேசினேன். வயதான குரல். நிதானமாக, பாசமாகப் பேசினார். நான் வக்கீல் வீட்டுப் பெண் என்றதும் 'ஹோகார்த் சட்டம்' எனப்படும் அச்சுப்பட உரிமைச் சட்டத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். 1732-இல் ஹோகார்த் 'ஒரு வேசியின் பயணம்' என்று ஆறு படங்கள் வெளியிட்டதும் லண்டன் கடைக்காரர்கள் திருட்டுப் பிரதி அடித்துத் தள்ளியது, அவரும் மற்றச் சித்திரக்காரர்களும் நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தது, அடுத்த தொடரை அச்சடித்துக் கையில் வைத்துக்கொண்டு, 1735 ஜூன் 25-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வரும்வரை விற்காமல் காத்திருந்தது, அந்தச் சட்டம் 14 வருடம் உரிமை கொடுத்தது, அதற்காக வெளியிட்ட தேதியைத் தகட்டிலேயே பொறிக்கச் சொன்னது. எல்லாம் சரியான தகவல்கள். ஒன்றுகூடப் பொய் இல்லை.

அப்புறம் அந்தத் தேதி வரியைப் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பினார். 'சட்டப்படி வெளியிடப்பட்டது, 4 செப்டம்பர் 1758'. மெல்லிய சாய்வெழுத்து, தாளில் கொஞ்சம் பழுப்பு. "பாருங்கள் மேடம், சட்டமே சாட்சி சொல்கிறது" என்றார். நான் நம்பிய இடம் இதுதான். திருட்டுப் பிரதியைத் தடுக்க வந்த சட்டத்தின் வரியைக் காட்டியே என்னை நம்பவைத்தார். "ஹோகார்த் இருந்தபோது அச்சானதுதானே?" என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டு முறையும் "சந்தேகமே வேண்டாம்" என்றார். வாயால் சொன்னார். எழுத்தில் சொல்லவில்லை.

தளத்தின் வழியாக வாங்கினால் கமிஷன் போகும், நேராக வங்கிக் கணக்குக்கு அனுப்பினால் 680-க்குத் தருகிறேன் என்றார். அனுப்பினேன். 680 பவுண்டு, ஒரே தவணையில்.

மூன்று நாளில் பார்சல் வந்தது. கண்ணாடி உடையவில்லை என்று மட்டும் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தேன். விமானத்தில் கண்ணாடியோடு கொண்டுபோக முடியாது என்பதால், ஊருக்குக் கிளம்பும் வேலையாகப் பத்தொன்பதாவது நாள் சட்டத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். பின்பக்கம் பழுப்புத் தாள் நாடா ஒட்டியிருந்தது. கத்தியால் மெதுவாகக் கீறி, ஆணிகளைப் பிடுங்கி, பலகையை எடுத்து, மவுண்ட் அட்டையைத் தூக்கினேன்.

நீதிபதிகளின் தலைக்கு மேலே, அட்டை மறைத்திருந்த இடத்தில், ஒரு வரிசை முகங்கள். பாதி முடித்ததும் முடிக்காததுமாக, மூக்கும் தாடையும் இழுபட்ட முகங்கள்.

ஹோகார்த்தைப் படித்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். 1758-இல் வந்த முதல் அச்சில் அந்த இடத்தில் சுவரில் அரச முத்திரைதான் இருக்கும். ஆறு வருடம் கழித்து, 1764 அக்டோபரில், ஹோகார்த் அதே தகட்டை மறுபடி எடுத்து, முத்திரையை அழித்துவிட்டு, குணச்சித்திரத்துக்கும் கேலிச்சித்திரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இந்த முகங்களைச் செதுக்கத் தொடங்கினார். இறப்பதற்கு முந்தைய நாள்கூட இந்தத் தகட்டில் வேலை பார்த்தார். முடிக்கவில்லை. ஆக, முகங்கள் இருக்கும் தாள் 1758-இல் அச்சாகியிருக்கவே முடியாது. அந்த மவுண்ட் சரியாக முகங்கள் தொடங்கும் கோட்டுக்குக் கீழே வெட்டப்பட்டிருக்கிறது. தெரியாமல் வெட்டியது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். 1758-இல் கிட்டத்தட்ட எல்லாத் தாளும் வரிசையாகக் கம்பி அடுக்கிய சல்லடையில் எடுத்தவை. வெளிச்சத்தில் பிடித்தால் நெருக்கமான கோடுகளும், அவற்றுக்குக் குறுக்கே ஓர் அங்குலத்துக்கு ஒன்றாக இடைவெளிவிட்ட கோடுகளும் நிழலாகத் தெரியும். இதில் ஒரு கோடு இல்லை. மழமழவென்று சீரான தாள். மறுநாள் மத்திய லண்டனில் பழைய அச்சுப்படம் விற்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கிய ஒரு நிமிடத்தில், 1822-இல் ஜேம்ஸ் ஹீத் என்ற செதுக்குக் கலைஞர் தகடுகளைச் செப்பனிட்டு மறுபடி அச்சடித்த பதிப்பாக இருக்கும் என்றார். ஹோகார்த்துக்குப் பிறகு தகடுகள் மனைவி ஜேனிடம் இருந்தன, 1789-இல் அவர் இறந்த பின் பாய்டெல் என்ற அச்சுப்பட வெளியீட்டாளர் கைக்குப் போயின, அப்புறம் இந்த 1822 பதிப்பு. தகடு அதேதான், அதனால் 1758 என்ற வரியும் ஒவ்வொரு முறையும் அப்படியே விழும். விலை கேட்டேன். சட்டத்தோடு சேர்த்து 60 பவுண்டு தருவேன் என்றார். நான் கொடுத்தது 680.

இனி பதில்களின் கதை. முதலில் போன் செய்தேன், எடுக்கவில்லை. நான்கு முறை. பிறகு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, "அசல் என்றால் அசல் தகட்டிலிருந்து அச்சானது என்று பொருள், அது உண்மைதானே. 1758 என்பது தகட்டின் தேதி" என்று பதில் வந்தது. போனில் இரண்டு முறை நான் கேட்டதையும் அவர் சொன்னதையும் எழுதினேன். "அப்படி ஓர் உரையாடல் நினைவில்லை" என்றார். மவுண்ட் ஏன் முகங்களை மறைக்கிறது என்று கேட்டேன். "நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது" என்றார். கடைசியாக, சட்டத்தைக் கழற்றியதால் பொருள் சேதமாகிவிட்டது, 14 நாளும் தாண்டிவிட்டது, இனி எழுத வேண்டாம் என்று முடித்துவிட்டார். கழற்றாமல் நான் எப்படிப் பார்த்திருப்பேன்?

தளத்துக்கு எழுதினேன். பணம் எங்கள் வழியாகக் கைமாறவில்லை, நாங்கள் தலையிட முடியாது என்று ஒரே பத்தியில் பதில் வந்தது. எழுதியவர் பெயர்கூட இல்லை. வங்கியைக் கேட்டேன். முக்கால் மணி நேரம் காத்திருக்க வைத்துவிட்டு, நீங்களே அனுமதித்த பணம், பொருளும் வந்திருக்கிறது, இது மோசடி ஆகாது, வாங்கியவருக்கும் விற்றவருக்கும் உள்ள தகராறு என்றார்கள். மேல்முறையீடு செய்தேன். நேற்று இரவு வந்தது அதற்கான பதில். அதே வாக்கியங்கள், கீழே வேறு கையெழுத்து. 680 பவுண்டு அவர்களுக்கு ஒரு கோப்பு எண்.

ஆலோசனை சொல்கிறேன் என்றேன். மனம் ஓடவில்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தளத்துக்கு வெளியே பணம் அனுப்பாதீர்கள், எவ்வளவு தள்ளுபடி தந்தாலும். கிரெடிட் கார்டில் கொடுங்கள், பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்தால் இங்குள்ள சட்டப்படி கார்டு நிறுவனமும் பொறுப்பேற்க வேண்டும். 'எந்த வருடம் அச்சான தாள்' என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள், 'அசல்' என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். மவுண்ட் இல்லாமல், தாளின் நான்கு ஓரமும் பின்பக்கமும் தெரியப் படம் கேளுங்கள், வெளிச்சத்தில் பிடித்தும் ஒரு படம். பிரிட்டிஷ் மியூசியம் தன்னிடமுள்ள அச்சுப்படங்களை இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது, தகடு திருத்தப்பட்டபோதெல்லாம் மாறிய ஒரே படத்தின் வெவ்வேறு நிலைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். நான் பணம் அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். பார்சல் வந்த அன்றே பிரியுங்கள்.

அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், "அதனாலென்னம்மா, படம் அதே படம்தானே" என்பார். அந்தப் பெருந்தன்மையைக் கேட்கும் தெம்பு எனக்கு இப்போது இல்லை.

இதை எழுதும் நடுவில் அந்தத் தளத்தைத் திறந்து பார்த்தேன். அதே விற்பனையாளர் இன்று காலை ஒரு புதுப் பொருள் போட்டிருக்கிறார். ஹோகார்த், 'தி பெஞ்ச்', அசல் செப்புத்தகட்டு அச்சு, 1758. கறுப்பு மரச்சட்டம், அகலமான தந்தநிற மவுண்ட், டோப்பாக்களுக்குச் சற்று மேலே வெட்டியது. 720 பவுண்டு. ஏழு பேர் அதைக் கவனித்துக்கொண்டிருப்பதாகத் தளம் காட்டுகிறது. அந்த ஏழு பேரில் ஒருவர் இதைப் படித்தால், தயவுசெய்து மவுண்டைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.