வரிசையில் நிற்க முடியாத பிள்ளைக்கு டிஸ்னியா, யுனிவர்சலா?

அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் டிஸ்னி, யுனிவர்சல் இரண்டில் ஏதாவது ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குத்தான் போக முடியும் என்ற நிலையில் இரண்டையும் அலசிப் பார்த்து யுனிவர்சலைத் தேர்ந்தெடுத்தோம். என் மகனுக்கு ஆட்டிசம். எவ்வளவு வேகமான சவாரியிலும் சந்தோஷமாக ஏறுவான், ஆனால் முன்னும் பின்னும் ஆட்கள் நெருக்கி நிற்கும் வரிசை அவனுக்கு ஆகவே ஆகாது.

டிக்கெட் விலை, எந்தச் சவாரி நல்லது என்பதெல்லாம் எல்லோரும் எழுதுவதுதான், விட்டுவிடுகிறேன். உடல், மனக் குறைபாட்டால் வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கு இரண்டு பூங்காவிலும் ஒரு சலுகை உண்டு, அதற்கு இரண்டு இடத்திலும் கட்டணம் இல்லை. இன்னொன்றையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும்: காத்திருப்பு ரத்தாவதில்லை, காத்திருக்கும் இடம்தான் மாறுகிறது. வரிசை ஒரு மணி நேரம் என்றால் ஏறக்குறைய அவ்வளவு நேரம் கழித்து வரச் சொல்வார்கள், அதுவரை நிழலில் உட்காரலாம், சாப்பிடலாம்.

டிஸ்னியின் ஏற்பாட்டுக்கு டிஏஎஸ் (Disability Access Service) என்று பெயர். 2013 அக்டோபரில் வந்தது. அதற்கு முன்பு இருந்த, வரிசையைத் தவிர்க்க உதவிய சலுகை அட்டைக்காகப் பணக்காரக் குடும்பங்கள் மாற்றுத்திறனாளிகளை வாடகை வழிகாட்டிகளாக அமர்த்துகிறார்கள் என்ற செய்தி பெரிதாக வெடித்ததும் அதே ஆண்டில்தான். 2024இல் விதியை இன்னும் இறுக்கி, ஆட்டிசம் போன்ற வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களுக்கானது என்று சுருக்கிவிட்டார்கள். சக்கர நாற்காலி மட்டுமே காரணம் என்றால் கிடைக்காது. செயலியிலேயே அடுத்த சவாரிக்கு நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்பது உண்மையிலேயே நல்ல வசதி.

சரி, அப்புறம் ஏன் யுனிவர்சல்? தகுதியை முடிவு செய்யும் விதம்தான் காரணம். டிஸ்னியில் மருத்துவச் சான்றிதழ் கேட்பதில்லை, வீடியோ அழைப்பில் பேசித்தான் முடிவு செய்கிறார்கள், சலுகை யாருக்கோ அவரும் அந்த அழைப்பில் இருக்க வேண்டும். காகிதம் வேண்டாம் என்பது கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஆனால் இவனால் ஏன் வரிசையில் நிற்க முடியாது, நின்றால் என்ன ஆகும், எப்படிக் கத்துவான், எப்படி ஓடுவான் என்று முன்பின் தெரியாத ஒருவரிடம் அவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும். என் மகன் அதிகம் பேச மாட்டான், ஆனால் பேசுவது அத்தனையும் அவனுக்குப் புரியும். அவனுடைய மிக மோசமான நாளை அவன் காதுபடவே இன்னொருவருக்கு விவரிக்க எனக்கு மனம் வரவில்லை. விடுமுறையை அப்படித் தொடங்கவும் விருப்பமில்லை.

யுனிவர்சலுக்கு, ஐபிசிசிஇஎஸ் (IBCCES) என்ற வெளி அமைப்பின் இணையதளத்தில் பதிவு செய்து, மருத்துவரின் கடிதத்தை ஏற்றி, ஓர் அட்டை வாங்க வேண்டும். அட்டைக்குக் கட்டணமில்லை, ஓராண்டு செல்லும், சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்களும் அதே அட்டையைத்தான் கேட்கின்றன. பிள்ளை தூங்கிய பிறகு உட்கார்ந்து முடித்துவிடலாம். அட்டை வந்துவிட்டாலே சலுகை உறுதி என்று எண்ண வேண்டாம், பூங்கா தரப்பிலும் உங்களிடம் பேசித்தான் முடிவெடுப்பார்கள். ஆனால் அங்கே பேசும் வேலை பெற்றோருடையது, கடிதமும் துணைக்கு இருக்கிறது. இன்னொரு நல்ல விஷயம், காத்திருப்பு 30 நிமிடத்துக்குள் இருந்தால் நேரம் குறிக்காமல் மாற்று வழியில் உடனே உள்ளே விட்டுவிடுகிறார்கள். என் மகனைப் போன்ற பிள்ளைக்கு “இப்போதே” என்பதற்கும் “பிறகு வா” என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று இப்படிப் பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்குத் தெரியும்.

இதெல்லாம் ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையை வைத்துச் சொல்வது. குடல் நோய், மூட்டு வலி, கடுமையான பதற்றம் என்று வேறு காரணம் உள்ளவர்களின் கணக்கு மாறலாம். மருத்துவரின் கடிதம் கையில் இல்லாதவர்களுக்கு டிஸ்னியின் முறையே எளிது என்பதையும் மறுக்க மாட்டேன்.

யுனிவர்சல் என்று முடிவு செய்தால் குறைந்தது 48 மணி நேரம் முன்பே பதிவு செய்யச் சொல்கிறார்கள், நீங்கள் ஒரு வாரம் முன்பே செய்துவிடுங்கள். கடிதத்தில் நோயின் பெயரோடு நிறுத்தாமல், வரிசையில் நிற்பதில் என்ன சிரமம் என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.