பேஸ் ஜம்ப்: நான்கு எழுத்துக் கணக்கா, உயரக் கணக்கா?

உயரமான, நிலையான இடத்திலிருந்து பாராசூட்டோடு குதிப்பதுதான் பேஸ் ஜம்ப். கட்டடம் (Building), ஆன்டெனா கோபுரம் (Antenna), பாலம் (Span), பாறை முகடு (Earth): இந்த நான்கின் ஆங்கில முதல் எழுத்துகள்தான் பேஸ் (BASE). பேஸ் ஜம்ப் உலகம் குதிக்கும் இடங்களை இப்படித்தான் நான்காகப் பிரிக்கிறது. நான்கிலும் ஒரு முறையாவது குதித்தால் வரிசை எண் கிடைக்கும், 1981-ல் முதல் எண்ணை வாங்கியவர் ஃபில் ஸ்மித். ஆனால் ஆபத்தை எடைபோட இந்தப் பிரிவு எவ்வளவு உதவுகிறது?

பாலத்துக்கு நன்றாகவே உதவுகிறது. பாராசூட் திசைமாறிப் பின்பக்கமாகத் திரும்பி விரிந்தாலும் பாலத்துக்கு அடியில் பெரும்பாலும் வெறும் காற்றுதான், மோத சுவர் இல்லை. அமெரிக்காவின் ஐடஹோவில் 148 மீட்டர் உயரமுள்ள பெர்ரைன் பாலத்துக்குப் புதியவர்கள் போவது அதனால்தான். ஆன்டெனாவில் இழுத்துக் கட்டிய கம்பிகள்தான் எமன், அவை கோபுரத்திலிருந்து வெகுதூரம் வரை நீளும். இரண்டு கம்பி வரிசைகளுக்கு நடுவே, கோபுரத்தை விட்டு நம்மை விலக்கும் காற்று பார்த்துக் குதிக்க வேண்டும். கட்டடம்தான் நான்கிலும் மோசம் என்பேன். பின்னால் சுவர், மூலைகளில் சுழலும் காற்று, கீழே இறங்கத் தெருவும் மின்கம்பியும்.

பாறைக்கு வந்தால் இந்தப் பிரிவு தடுமாறுகிறது. 100 மீட்டர் குன்றும், நார்வேயில் ஏறக்குறைய 1000 மீட்டர் செங்குத்தாக இறங்கும் ஷெராக்கும் ஒரே எழுத்துக்குள் வருகின்றன, இரண்டும் ஒன்றா? கீழே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஒரு கல்லைப் போட்டு எண்ணுவார்கள். 4 விநாடியில் சத்தம் கேட்டால் சுமார் 70 மீட்டரிலேயே பாறை முட்டுகிறது என்று அர்த்தம். முகடு எவ்வளவு உயரம் என்பதைவிட இந்த எண்தான் முக்கியம்.

அப்புறம் ஸ்லைடர். பாராசூட் கயிறுகளின் மேல் சறுக்கி இறங்கி, விரியும் வேகத்தைக் குறைக்கும் சிறு துணி அது. குறைந்த உயரத்தில் அதைக் கழற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் விரிவதற்குள் தரை வந்துவிடும். நீண்ட நேரம் விழும்போது அது கட்டாயம், இல்லாவிட்டால் அந்த வேகத்தில் விரியும் அதிர்ச்சி உடலையே முறித்துவிடும். பாராசூட்டை மடிப்பதே இரண்டுக்கும் வேறு.

அதனால் என் ஓட்டு உயரக் கணக்குக்குத்தான். நான்கு எழுத்தையும் தாழ்வான இடங்களிலேயே முடித்து எண் வாங்கியவர், ஸ்லைடர் வைத்து ஒரு முறைகூடக் குதிக்காமலேயே ஷெராக் விளிம்பில் போய் நிற்கலாம்.