பாதத்தடத்தை வெள்ளியில் வார்த்துத் தரும் கோவைப் பட்டறை: ஒரு மதிப்பீடு

‘உங்கள் செல்லத்தின் பாதத்தடம்’ என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்கப்படும் டாலர்கள் பலவற்றில் இருப்பது எந்த நாயின் தடமும் அன்று. நான்கு சிறு வட்டங்களையும் அவற்றின் கீழே ஒரு பெரிய வட்டத்தையும் கொண்ட பொதுச் சின்னத்தை அச்சடித்து, அதன் பின்புறம் நாம் தரும் பெயரைப் பொறித்து அனுப்புகிறார்கள். கோவையில் நகை வார்ப்பு வேலை செய்யும் ஒரு சிறு பட்டறை இதிலிருந்து வேறுபட்டு, விலங்கின் பாதத்திலிருந்தே அச்செடுத்து, அதை வெள்ளியிலோ பித்தளையிலோ வார்த்துத் தருகிறது. ஆசாரியும் ஒரு உதவியாளரும் மட்டுமே வேலை பார்க்கும் இடம் அது. கையில் உள்ள வேலையே போதுமென்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. எங்கள் வீட்டு நாட்டு நாய்க்காக அங்கே செய்து வாங்கியதை முன்வைத்து இதை எழுதுகிறேன்.

இந்த வேலையின் தரம் உலையில் அல்ல, அச்செடுக்கும் சில நிமிடங்களில்தான் தீர்மானமாகிறது. ஆசாரி பயன்படுத்துவது இரண்டு பகுதிகளைச் சம அளவில் பிசைந்து சேர்க்கும் சிலிக்கோன் மாவு. விரலிடுக்கில் உள்ள முடியைக் கத்தரித்து, பாதத்தை வெறும் நீரில் கழுவித் துடைத்து, நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்தபின், மாவை உள்ளங்காலின் மீது கொண்டுபோய் மெல்ல அழுத்துகிறார். நிற்க வைத்து மிதிக்கச் செய்தால் உடல் எடையில் விரல்கள் விரிந்து, மெத்தைப் பகுதி தட்டையாகிவிடும் என்பதே காரணம். மருத்துவமனைகளில் நாம் பார்க்கும் ரப்பர் கையுறையை அணியாமல், நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பர் கையுறையை அவர் அணிந்திருந்ததைக் கவனித்துக் கேட்டேன். இயற்கை ரப்பரில் உள்ள கந்தகம் பட்டால் இவ்வகைச் சிலிக்கோன் இறுகாமல் பிசுபிசுப்பாகவே நின்றுவிடுமாம். ஒரே அச்சோடு விடாமல் மேலும் சிலவற்றை எடுத்து, காற்றுக்குமிழி இல்லாத ஒன்றைத் தேர்ந்துகொண்டார்.

வீட்டிலேயே அச்செடுத்து அனுப்புவதற்கும் அவர் இடம் தருகிறார். அப்படிச் செய்பவர்கள் இரண்டு பொருள்களை அறவே தவிர்க்க வேண்டும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது 60 பாகை செல்சியஸ் அளவுக்கோ அதற்கு மேலுமோ சூடேறும். அதற்குள் பாதத்தை வைத்தால் தோல் வெந்துவிடும். மைதாவும் உப்பும் சேர்த்துப் பிசையும் மாவு பார்வைக்குத் தீங்கற்றது. ஆனால் நாய் அதைத் தின்றுவிட்டால் உடலில் உப்பின் அளவு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம்.

சிலிக்கோன் அச்சில் இருப்பது குழிவான வடிவம். அதில் உருக்கிய மெழுகை ஊற்றி எடுக்கும்போது, ஈரமண்ணில் பதிந்த தடமாக அல்லாமல், புடைத்த உள்ளங்காலாகவே அது திரும்பி வருகிறது. நான் இதையே பரிந்துரைப்பேன், ஏனெனில் பெருவிரலால் தடவும்போது நாயின் காலைத் தொடும் உணர்வு அதில் கிடைக்கிறது. மெத்தையின் மேல் நுண்ணிய கூம்புகளாக அமைந்த சொரசொரப்பும், தார்ச்சாலையில் திரிந்த நாட்களில் விழுந்த வெடிப்புகளும்கூட மெழுகில் அப்படியே இருந்தன. விளிம்பைச் செதுக்கி, வளையம் சேர்த்தபின், மெழுகைச் சுற்றிப் பிளாஸ்டர் கலவையை ஊற்றி இறுகவிட்டு, 700 பாகைக்கு மேல் உலையில் சுட, மெழுகு உருகி எரிந்து வெளியேற, அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உருகிய வெள்ளி இறங்குகிறது. சுவாமிமலைச் சிற்பிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் காவிரி வண்டலும் கொண்டு செய்துவரும் அதே மெழுகு வார்ப்புதான் இது. அங்கே படிமத்துக்கு ஒருமுறையே மெழுகு உரு செய்யப்படுகிறது. இங்கோ சிலிக்கோன் அச்சு சேதமின்றி நிற்பதால், அண்ணனுக்கும் தங்கைக்கும் தனித்தனியாக டாலர் செய்துகொள்ளலாம். வேலை முடிந்ததும் அந்த அச்சைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு சிலர் வெள்ளிக் களிமண்ணில் இதைச் செய்கிறார்கள். வெள்ளித் துகளையும் பசையையும் சேர்த்துப் பிசைந்த இப்பொருளை ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனம் 1990-களில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுடும்போது பசை எரிந்து, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, எஞ்சுவது 999 தரத் தூய வெள்ளி. வேலை எளிது, அழகும் உண்டு. ஆனால் வகைக்கேற்ப நீள அகலத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு சுருங்கிவிடுவதோடு, தூய வெள்ளி மென்மையானது என்பதால் நாள்தோறும் அணியும் டாலருக்கு அது ஏற்றதன்று. 7.5 விழுக்காடு செம்பு கலந்த 925 வெள்ளியில் வார்த்தது உரசலை நன்றாகத் தாங்குகிறது.

அளவைப் பற்றி முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நடுத்தர நாயின் தடம் அடங்கும்படி 6 சென்டிமீட்டர் விட்டமும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள வெள்ளித் தகடு 85 கிராமுக்கு மேல் எடையிருக்கும். கழுத்தில் அதை யாரும் போட்டுக்கொள்ள முடியாது. பூனையின் தடத்துக்கு 3 சென்டிமீட்டர் விட்டமும் 2 மில்லிமீட்டர் கனமும் போதும், எடையும் 15 கிராமுக்குள் அடங்கிவிடும். எனவே பூனைக்கு முழு அளவிலேயே டாலர் செய்யலாம். நாய்க்கு, பித்தளையில் முழு அளவுத் தகடாகச் செய்து மேசையில் வைப்பதோ, ஒற்றை விரலின் மெத்தையை மட்டும் வெள்ளியில் வார்த்து அணிவதோ நல்லது. நான் இரண்டாவதைத் தேர்ந்தேன். கணினியில் படியெடுத்து, தடத்தைச் சுருக்கி வார்க்கும் வழியையும் ஆசாரி காட்டினார். மாதிரியைப் பார்த்தபோது சொரசொரப்பெல்லாம் மழுங்கி, மீண்டும் அந்தப் பொதுச் சின்னத்துக்கே நெருங்கி வந்திருந்தது.

குறைகளும் உண்டு. முதலில் வந்த டாலரை மெருகுச் சக்கரத்தில் அளவுக்கு மீறிப் பிடித்திருந்ததால், வெடிப்புகள் பாதிக்குமேல் காணாமல் போயிருந்தன. சுட்டிக்காட்டியதும் முகம் சுளிக்காமல் புதிதாக வார்த்துத் தந்தார் என்றாலும், மேற்புறத்தை மெருகிட வேண்டாம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது. பின்புறத்தில் பொறித்த தமிழ்ப் பெயரில் மெய்யெழுத்தின் புள்ளி வெறும் கீறலாகத் தெரிகிறது. அவ்வளவு சிறிய இடத்துக்கு அவரிடம் உள்ள கருவி போதவில்லை. கணக்கு, அன்றைய வெள்ளி விலையோடு செய்கூலியும் சேதாரமும் 3 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது. உருகிய வெள்ளி அச்சுக்குள் இறங்கும் வழியில் காம்புபோல் உறைந்து மிஞ்சும் வெள்ளி மீண்டும் உலைக்கே போகும்போது இவ்வளவு சேதாரம் எதற்கென்ற என் கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கவில்லை. வெள்ளிக்கு 2025 நிலவரப்படி ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆகவே ரசீதில் 925 என்று எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள்.

பள்ளங்களில் கந்தகக் கரைசலால் கருமை ஏற்றியிருப்பதால்தான் தடத்தின் கோடுகள் எடுப்பாகத் தெரிகின்றன. வெள்ளிச் சாமான்களைத் தேய்ப்பதுபோல் திருநீறோ பற்பசையோ போட்டுத் தேய்த்தால் அந்தக் கருமை போய்விடும். மென்மையான துணியால் மேடான பகுதியை மட்டும் துடைத்தால் போதும். (என் அம்மாவிடமிருந்து டாலரைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது.)

இறந்துபோன விலங்கின் நினைவாகச் செய்ய விரும்புவோர், உடல் விறைப்பதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் சொல்லி அச்செடுக்க வேண்டியிருக்கும்; முதுமையிலோ நோயிலோ இருக்கும்போதே, அது நிம்மதியாகப் படுத்திருக்கும் ஒரு வேளையில் எடுத்துவிடுவது இருவருக்குமே எளிது. தாளில் மை ஒற்றிய தடம் மட்டுமே கையில் உள்ளவர்களுக்கு அதை வைத்து வார்க்க முடியாது, ஏனெனில் ஆழம் அதில் பதிவாவதில்லை. அதை லேசரால் தகட்டில் பொறிக்கலாம். அதற்கு இந்தப் பட்டறைவரை அலைய வேண்டியதில்லை, உள்ளூர்ப் பொறிப்புக் கடையே போதும்.