349 சிசி, 70 கொண்டை ஊசி: கிளாசிக் 350-ஓடு நாலு வருஷம்

2021 கடைசியில் எடுத்த என் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, போன மாதம் 41,000 கிலோமீட்டரைத் தாண்டியது. எங்களுக்கு நாமக்கல். அக்காவைக் கட்டிக்கொடுத்தது கொல்லிமலையில், அதனால் மாதம் ரெண்டு தடவையாவது மலை ஏறுவேன். காரவள்ளியில் ஆரம்பித்தால் 70 கொண்டை ஊசி வளைவு. பின்னால் அம்மா, மடியில் ஒரு பை, டேங்க் மேல் இன்னொரு பை. ரெண்டாவது கியரில் வளைவைத் திரும்பி, மூணுக்கு மாற்றி, ஆக்சிலேட்டரை லேசாகத் திருப்பினால் திணறாமல் ஏறுகிறது. இந்த வண்டிக்கு ஏன் இந்த இன்ஜினைப் போட்டார்கள் என்பது எனக்கு அந்த ரோட்டில்தான் புரிந்தது.

பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் அகலம் (போர்) 72 மி.மீ., பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரம் (ஸ்ட்ரோக்) 85.8 மி.மீ. அகலத்தைவிடத் தூரம் கூட, அதாவது லாங் ஸ்ட்ரோக். 27 நியூட்டன் மீட்டர் இழுவை 4,000 ஆர்.பி.எம்.மிலேயே (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) முழுசாக வந்துவிடும். குதிரைத்திறன் 20.2 மட்டுமே. தம்பி முறையில் ஒருவன் பழைய கேடிஎம் 390 டியூக் வைத்திருக்கிறான். அது 373 சிசி, என்னுடையதைவிட 24 சிசிதான் கூட. ஆனால் 9,000 ஆர்.பி.எம்.மில் 43 குதிரைத்திறன் தரும். அதில் போர் 89, ஸ்ட்ரோக் 60. பிஸ்டனுக்குப் போகவேண்டிய தூரம் குறைவு, அதனால் வேகமாகச் சுற்ற முடிகிறது. என் வண்டியில் 6,100 ஆர்.பி.எம்.மிலேயே பிஸ்டன் நொடிக்குச் சராசரியாகப் பதினேழு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதற்கு மேல் விரட்டினால் தேய்மானம்தான் மிச்சம்.

எங்கள் ஊர் லாரிப் பட்டறை அண்ணன் இதை ஒரே வரியில் சொன்னார்: "ஓட்டம் வேணுமா, இழுவை வேணுமா தம்பி? அதை முடிவு பண்ணிட்டுத்தான் இன்ஜினையே செய்வாங்க." ஐம்பதுக்கும் எண்பதுக்கும் இடையில், ரெண்டு பேரோடு, அடிக்கடி கியர் மாற்றாமல் ஓட்டுகிறவர்களுக்காகச் செய்த வண்டி இது. 2020-இல் ஹோண்டா ஹைனெஸ் சிபி350-ஐ இறக்கியபோது அவர்களும் இதே வழியில்தான் வந்தார்கள். ஸ்ட்ரோக் இன்னும் நீளம், 90.5 மி.மீ.

சித்தப்பாவின் பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டில்தான் நான் பழகினேன். வலது காலில் கியர். இன்ஜினுக்குள் இருக்கும் அழுத்தத்தை விடுகிற டீகம்ப்ரஷன் லிவரை அழுத்தி, ஆம்பியர் முள்ளைப் பார்த்து உதைக்க வேண்டும். அதற்குப் பிறகு வந்த, யூசிஇ என்று பேர் வைத்த 346 சிசி இன்ஜினிலும் அதிர்வைக் குறைக்கிற பேலன்சர் ஷாப்ட் கிடையாது. 2020-இல் ராயல் என்ஃபீல்டின் மீட்டியார் மாடலோடு வந்த, என் வண்டியிலும் இருக்கிற ஜே சீரிஸ் இன்ஜினில் அது உண்டு. எண்பதில் போகும்போதும் கண்ணாடியில் பின்னால் வருகிற லாரியின் நம்பர் தெளிவாகத் தெரிகிறது. பழைய அதிர்வு போய்விட்டதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். முதுகுவலியுள்ள அம்மாவை ஏற்றிப் போகிற எனக்கு அந்த வருத்தம் துளியும் இல்லை.

349 என்ற எண்ணுக்குப் பின்னால் வரியும் இருக்கிறது. முன்பு 350 சிசிக்கு மேல் போனால் 28 சதவீத ஜிஎஸ்டியோடு 3 சதவீதம் கூடுதல் வரி. 2025 செப்டம்பர் 22-லிருந்து 350 வரை 18, அதற்கு மேல் 40. ஒரு சிசி உள்ளே நிற்பதற்கு இப்போது எவ்வளவு மதிப்பு என்று நீங்களே கணக்குப் போடலாம்.

இதே இன்ஜின்தான் அதே கம்பெனியின் மீட்டியாரிலும் ஹண்டரிலும் இன்றைய புல்லட்டிலும். மச்சானின் ஹண்டரை ஒரு வாரம் ஓட்டினேன். அது 181 கிலோ, என்னுடையது 195. அதில் 17 அங்குலச் சக்கரம். ஒரே இதயம் என்றாலும் அது துள்ளுகிறது, இது நிதானமாக நடக்கிறது. நாலு மாடலுக்கு ஒரே இன்ஜின் என்றால் கம்பெனிக்குச் செலவு மிச்சம். நமக்கும் லாபம் உண்டு: ஆயில் ஃபில்டர் ராசிபுரத்திலும் சுலபமாகக் கிடைக்கிறது.

மைலேஜ் ஊருக்குள் 32, சேலம் ரோட்டில் எழுபதில் போனால் 37. 23,000-இல் வெளிப் பட்டறை ஒன்றில் செயினை அளவுக்கு மேல் இறுக்கிக் கொடுத்துவிட்டார்கள், ரெண்டே நாளில் கரகரவென்று சத்தம். ஒற்றை சிலிண்டரின் ஒவ்வொரு அடியும் செயினைச் சுண்டி இழுக்கும், அதற்குத் தளர்வு வேண்டும். இப்போது மேனுவலைப் பார்த்து நானே சரிசெய்கிறேன். கிக்கர் இல்லாத வண்டி என்பதால், பேட்டரி முழுசாக இறங்கும்வரை காத்திருக்காமல் மூன்றரை வருஷத்தில் மாற்றிவிட்டேன்.

மலை இறங்கும்போது ரெண்டாவது கியரில் விட்டுவிடுவேன். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை வளைவில் மட்டும் தொட்டால் போதும். போன தடவை அக்கா கொடுத்த பலாப்பழம் பின்னால் கட்டியிருந்தது. காரவள்ளி வந்து இறங்கிப் பார்த்தேன், கட்டின கயிறு கட்டினபடியே இருந்தது.