தி.நகர் கடைத்தெருவ ஒட்டி ஃப்ளாட் வாங்கி குடியிருந்த அனுபவம்

2016-ல தி.நகர்ல ஃப்ளாட் வாங்குனோம், உஸ்மான் ரோட்டுலேருந்து உள்ள தள்ளி, ரங்கநாதன் தெருவுக்கு நடந்தே போயிடலாம். இந்தப் பக்கம் வீடு பாக்குறவங்க எல்லாரும் முதல்ல கேக்குறது சத்தம் ஜாஸ்தியா இருக்குமான்னுதான். பகல் சத்தம் பழகிடுதுங்க. பழகாதது ராத்திரிதான், பெரிய லாரிய பகல்ல உள்ள விடமாட்டாங்கல்ல, அதனால ஜவுளிக்கடைக்கு சரக்கு வர்றதே எல்லாரும் தூங்குன பிறகுதான், பண்டல் கீழ விழுற சத்தம், ரிவர்ஸ் எடுக்குற பீப் பீப், லோடுமேன் கூப்பிடுறதுன்னு விடியக்காலம் வரைக்கும் கூட போகும். சட்டப்படி ராத்திரி பத்து மணிக்கு மேல குடியிருப்புப் பகுதில 45 டெசிபல், வணிகப் பகுதில 55 டெசிபல், அவ்வளவுதான் இருக்கணும். அதனால அட்வான்ஸ் குடுக்கிறதுக்கு முன்னாடியே உங்க தெரு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) மாஸ்டர் பிளான்ல குடியிருப்பா, வணிகமா, எந்த வகைல வருதுன்னு சர்வே நம்பர வச்சு பாத்துடுங்க. வணிகம்னு இருந்தா பக்கத்து வீட்ட இடிச்சு நாலு மாடி கடை வர்றதுக்கு எப்ப வேணா வாய்ப்பு இருக்கு.

அடுத்தது பில்டிங்ல யார் யாரு இருக்காங்கன்னு பாக்கணும், இத யாரும் பாக்குறதில்ல. கடைக்காரங்க உள்தெரு ஃப்ளாட்ட வாடகைக்கு எடுத்து குடோனா வச்சுக்குவாங்க, இல்லன்னா கடைல வேலை செய்ற பசங்கள தங்க வைப்பாங்க. பசங்க பாவம், எங்கிருந்தோ வந்து நாள் பூரா நின்னு வேலை பாத்துட்டு வர்றாங்க, அவங்கள குறை சொல்ல மனசு வரல. ஆனா ரெண்டு பெட்ரூம் வீட்டுல அத்தனை பேர அடைச்சு வச்சா மோட்டார் எவ்வளவு நேரம் ஓடும், செப்டிக் லைன் எப்படி தாங்கும்? குடோன் அதவிட பயம். 2017 மே 31-ம் தேதி உஸ்மான் ரோட்டுல ஒரு பெரிய ஜவுளிக்கடை கட்டடம் தீப்பிடிச்சுது ஞாபகம் இருக்கும், அன்னிலேருந்து மாடிப்படில துணி பண்டல் அடுக்கியிருந்தா எங்க அசோசியேஷன்ல விடுறதே இல்ல, எடுக்க சொல்லிடுவோம்.

தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமைகள்ல சாயங்காலம் போய் தெருவ பாருங்க, புரோக்கர் காட்டுற செவ்வாக்கிழமை காலைல பாக்காதீங்க. ஆட்டோ உள்ள வராது, நம்ம கேட்டுக்கு முன்னாடி யாரோ கார நிறுத்திட்டு சாவியோட போயிடுவாங்க. வீட்டுல வயசானவங்க, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போறவங்க இருந்தா மெயின் ரோட்ட ஒட்டின முதல் தெரு வேண்டவே வேண்டாம், விலை எவ்வளவு கம்மியா கிடைச்சாலும் சரி. கொஞ்சம் உள்ள தள்ளிப் போனாலே வேற ஊரு மாதிரி இருக்கும்.

தண்ணியும் கேட்டுக்கோங்க. இந்த ஏரியாவே 1920-கள்ல பழைய மாம்பலம் ஏரிய தூர்த்து உருவாக்குனதுதான், 2021 நவம்பர் மழைல ஜி.என். செட்டி ரோடு பக்கம் எல்லாம் எப்படி நின்னுச்சுன்னு பாத்தோமே. அதனால தரைத்தளம் வாங்குறவங்க 2015, 2021 ரெண்டு வருஷமும் தண்ணி எது வரைக்கும் வந்துச்சுன்னு எதிர்த்த வீட்டுக்காரங்ககிட்ட கேளுங்க, விக்கிறவர்கிட்ட கேக்காதீங்க.

இவ்வளவு சொன்னாலும் நாங்க விக்கலங்க. அம்மா காலைல கடை தொறந்த உடனே போய் பிளவுஸ் பிட்டு மேட்சிங் பாத்துட்டு கூட்டம் சேர்றதுக்குள்ள வீட்டுக்கு வந்துடுவாங்க. மாம்பலம் ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் ட்ரெயின், 2023-லேருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவுல ஆகாய நடைமேடை, அதுல ஏறிட்டா ரங்கநாதன் தெரு நெரிசல்ல இடிபட வேண்டியதே இல்ல, எனக்கு ரொம்ப பிரயோஜனமா இருக்கு. ராத்திரி லேட்டா மாத்திரை வேணும்னாலும் நடந்து போய் வாங்கிடலாம்.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா யு.டி.எஸ்., அதாவது மொத்த மண்ணுல உங்க ஃப்ளாட்டுக்கு வர்ற பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவுன்னு பாத்து வாங்குங்க. இங்க விலையே மண்ணுக்குத்தான். ஒரு கிரவுண்டுல, அதாவது 2400 சதுர அடில, நாலு வீடு இருக்குற பழைய பில்டிங்ல பங்கு சமமா இருந்தா தலைக்கு 600 சதுர அடி வரும், அதே இடத்துல எட்டு வீடு கட்டியிருந்தா 300-தான், நாளைக்கு இடிச்சு கட்ட பில்டர் வந்து பேசும்போது அந்த வித்தியாசம் முழுசா தெரியும். வில்லங்கம் பாக்கும்போது பத்திரத்துல இருக்குற யு.டி.எஸ். எல்லாம் கூட்டுனா மொத்த இடத்துக்கு சரியா வருதான்னும் வக்கீல வச்சு ஒரு தடவ பாத்துடுங்க.