தார்த் தளமா, செம்மண்ணா: முதல் ஆட்டோகிராஸை எதில் ஓட்டலாம்?

கோவை வட்டாரத்தில் ஆட்டோகிராஸ் என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான கார் ஓட்டம் நடக்கும். ஒன்று, தார் அல்லது கான்கிரீட் தளத்தில் ஆரஞ்சுக் கோன்களுக்கு நடுவே. இன்னொன்று, தரிசுக் காட்டில் வெட்டிய மண்பாதையில். இரண்டிலும் போட்டி கடிகாரத்தோடுதான். ஆனால் வண்டிக்கு ஆகும் சேதமும் ஓட்டுபவருக்குக் கிடைக்கும் பாடமும் இரண்டிலும் வேறு. ஞாயிறு ஓட்டிய அதே வண்டியில்தான் திங்கள்கிழமை திருப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும் என்றால், முதல் தடவை தார்த் தளமே சரி.

தாரில் அடி வாங்குவது டயர், அதிலும் முன் டயரின் தோள்பட்டை, அதாவது தரை தொடும் பகுதி பக்கச்சுவரோடு சேரும் ஓரம். வழக்கமான காற்றழுத்தத்தில் வேகமாக வளைத்தால் டயர் மடங்கிப் பக்கச்சுவரே தரையில் தேயும். அதனால் கம்பெனி சொன்ன அளவைவிட முன்னால் 6 பிஎஸ்ஐ, பின்னால் 2 அல்லது 3 கூட்டி ஆரம்பியுங்கள். டயரில் அச்சிட்ட உச்ச அளவை மட்டும் தாண்டக் கூடாது. சரிபார்க்க ஒரு சாக்பீஸ் போதும். ஓரப் பட்டனிலிருந்து (தரை தொடும் ரப்பர் கட்டை) பக்கச்சுவர் வரை குறுக்கே ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டுங்கள். பல டயர்களில் தோள்பட்டையில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். சாக்பீஸ் அந்த முனை வரை அழிந்திருந்தால் அளவு சரி. அதைத் தாண்டிக் கீழே அழிந்திருந்தால் 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். பட்டன் மேலேயே கோடு மிச்சமிருந்தால் 2 இறக்குங்கள். புதிதாக வருபவர்கள் சஸ்பென்ஷன், ஏர் ஃபில்டர் என்று காசைக் கொட்டுவார்கள். முதல் நாளில் இந்தச் சாக்பீஸ் தரும் பலனை அதெல்லாம் தராது.

ஓட்டும்போது எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றுதான்: வேகத்தோடு வளைவுக்குள் போய், வண்டி திரும்பவில்லையே என்று ஸ்டியரிங்கை இன்னும் முறுக்குவது. முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயர் ஏற்கனவே வழுக்கிக்கொண்டிருக்கும். முறுக்க முறுக்க இன்னும் வழுக்கும். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் தளர்த்தி, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பிடிமானம் திரும்பும். பிரேக்கை நேர்கோட்டிலேயே முடித்துவிடுங்கள். கிளம்ப மட்டும் முதல் கியர், மற்றபடி ரெண்டாவதே பெரும்பாலும் போதும். வரிசைக் கோன்களில் வண்டி கோனுக்குப் பக்கத்தில் வரும்போதே அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். கடந்த பிறகு திருப்பினால் நாலாவது கோனில் கண்டிப்பாகப் பிந்திவிடுவீர்கள். பின்சக்கரம் முன்சக்கரத்தைவிட உள்ளே வெட்டி வரும் என்பதும் நினைவிருக்கட்டும். கோனை அடிப்பது பெரும்பாலும் அதுதான்.

மண்ணுக்கு வருவோம். கற்றுக்கொள்ள இதுதான் நல்ல பள்ளிக்கூடம். தாரில் அதிக வேகத்தில் நடக்கும் வழுக்கல் இங்கே குறைந்த வேகத்திலேயே நடக்கும், மெதுவாகவும் நடக்கும்; அதனால் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும். காலை எடுத்தால் எடை முன்னால் சாய்ந்து வால் வெளியே வருவதை இடுப்பிலேயே உணரலாம். வால் போகும் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டி என்றால் மண்ணில் நிற்கத் தூரம் அதிகமாகும், சீக்கிரமே பிரேக் போடுங்கள்.

பாதையும் மணிக்கு மணி மாறும். காலையில் முதலில் போகிறவர் உதிரிச் சரளையைக் கூட்டித் தள்ளிக்கொண்டே போவார். மதியத்தில் தடம் இறுகும், மாலையில் பள்ளம் விழும். காலையில் நடந்து பார்த்த பாதைதானே என்று இருந்துவிட வேண்டாம். மதியம் இன்னொரு தடவை நடங்கள்.

சேதக் கணக்கு இங்கேதான் ஏறும். கல் பட்டு ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) விரிசல் விட்டால் ஆயில் சிவப்பு விளக்கு எரியும்; அந்த நொடியே எஞ்சினை அணைக்காவிட்டால் எஞ்சின் போச்சு. 3 மி.மீ. இரும்புத் தகட்டில் சம்ப் கார்டு வளைத்துக் கொடுக்கக் கோவையில் பட்டறைக்குப் பஞ்சமில்லை. சம்புக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளியும், ஆயில் இறக்க ஒரு ஓட்டையும் விடச் சொல்லுங்கள். இடைவெளி இல்லையென்றால் தகடே வளைந்து சம்பைக் குத்தும். ஓட்டி முடித்ததும் முன்சக்கர ரிம்மின் உள்பக்கம் பாருங்கள். கிரீஸ் தெறித்திருந்தால் ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் ஜாயின்ட்டை மூடும் ரப்பர் உறை) கிழிந்திருக்கிறது. விட்டுவைத்தால் மண் புகுந்து, முழுசாகத் திருப்பும்போது டக் டக் என்று சத்தம் வரும். பிறகு பூட்டோடு ஜாயின்ட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான். ஏர் ஃபில்டரை அன்றைக்கே தட்டுங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை மண் ஓட்டத்தில் புழுதி தனித் தொல்லை. வண்டியைப் பாதைக்கு மேற்கே, காற்று வரும் பக்கமாக நிறுத்துங்கள். தார்த் தளத்திலும் தப்பிக்க முடியாது: ஆடிக் காற்றில் அம்மியே நகருமாம், கோன் எம்மாத்திரம்!

எந்த வண்டி? பவரைப் பற்றிக் கவலை வேண்டாம். மாருதி 800-இன் எஞ்சினை வைத்து ஃபார்முலா கார் கட்டிய கரிவரதனின் ஊர் இது. செட்டிபாளையத்து ஓடுதளம் அவர் பெயரில்தான் இருக்கிறது. தாருக்குப் பெட்ரோல் ஸ்விஃப்ட் போன்ற இலகுவான வண்டி நல்லது. டீசல் ஸ்விஃப்ட்டுக்கு மூக்கு கனம், வளைவில் நேராகப் போகப் பார்க்கும். ஆம்னி போன்ற உயரமான வண்டி தாரில் கவிழும் அபாயம் உண்டு, கொண்டுவர வேண்டாம். மண்ணுக்கு, டிங்கரிங் செலவைப் பற்றி வீட்டில் யாரும் கேட்காத பழைய வண்டி ஒன்று வேண்டும்.

இன்ஷூரன்ஸ் இரண்டிலும் கை கொடுக்காது. சாதாரண கார் பாலிசியின் பயன்பாட்டு வரம்பில் ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயமும் வேகச் சோதனையும் விலக்கப்பட்டிருக்கும். முழுமுக ஹெல்மெட் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தரம் செல்லும், எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) லைசென்ஸ் வேண்டுமா என்பதை அந்தந்தப் போட்டியின் விதிமுறையில் பாருங்கள். போட்டிக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனைக்குப் போகுமுன் கால்மிதி, தண்ணீர் பாட்டில், ஜாக்கி எல்லாம் வெளியே வந்துவிட வேண்டும். பாட்டில் உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்ச் சிக்கும். பேட்டரி கிளாம்ப் ஆடினாலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் வீல் நட்டுகளை மறுபடி முறுக்கி, டயர் ஆறியதும் காற்றைப் பழைய அளவுக்கு இறக்குங்கள். கூட்டிய காற்றோடு அவிநாசி ரோட்டில் போனால் பிடிமானம் குறையலாம்.