குன்னூர் பக்கம் ‘ஹெர்பல்’ என்று சொல்லி மருந்து அடிக்க வந்தால் ஜாக்கிரதை: 2,850 ரூபாயும் போச்சு, என் கட்டெறும்புகளும் போச்சு

செவ்வாய்க்கிழமை நடந்தது, இன்று வெள்ளி, இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஒரு ஆப்பில், சமையலறைக் கரப்பானுக்காக 2,850 ரூபாய் முழுசாகக் கட்டி புக் செய்தேன். ஜெல் மட்டும் வையுங்கள், ஸ்பிரே வேண்டவே வேண்டாம், வீட்டில் எறும்பு வளர்க்கிறேன் என்று குறிப்பிலும் எழுதினேன், போனிலும் சொன்னேன். "ஹெர்பல்தான் மேடம், கைக்குழந்தை இருக்கிற வீட்டுலயே அடிக்கிறோம்" என்றார்கள்.

வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினான். கண்ணாடிப் பெட்டிக்குள் குனிந்து பார்த்து, "பெருசா இருக்கே, இதுதான் ராணியாக்கா?" என்று கேட்டான். அதில் விழுந்துவிட்டேன். மூன்று வருஷத்துக்கு முன் பர்லியாறில் கோடை மழைக்கு மறுநாள், சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் அலைந்த ராணியைக் குழாயில் போட்டு எடுத்துவந்த கதையெல்லாம் அவனிடம் சொன்னேன். "நீங்க இருங்க, நானே உள்ரூம்ல வச்சிடறேன்" என்று தூக்கினான். நான் சாமான் ஒதுக்கிய நேரத்தில் சிங்க் அடியில் அவன் ஸ்பிரே அடித்து முடித்திருந்தது எனக்குத் தெரியாது. அதே கையுறை.

சாயங்காலம் பார்த்தால் மூடி வலைமேல் நாலு விரல் தடம், வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. உள்ளே எல்லாம் மல்லாந்து காலை உதறுகின்றன. மூன்று எறும்புகள் ராணியைத் தாடையால் பிடித்துத் தண்ணீர்ப் பக்கம் இழுத்தன, பாதியிலேயே சாய்ந்தன. ராத்திரி பத்து மணிக்கு ராணியின் ஒரு உணர்கொம்பு மட்டும் ஆடியது. விடிந்தபோது அதுவும் இல்லை. முட்டையிட ராணி இல்லாவிட்டால் கூடே இல்லை.

போன் செய்தால் அந்தத் தம்பி, "எறும்பு செத்தா மருந்து நல்லா வேலை செய்யுதுன்னுதானேக்கா அர்த்தம்" என்கிறான். ஆப்காரர்கள் ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று அனுப்பிப் புகாரை மூடிவிட்டார்கள். மறுபடி திறந்தேன், சேவை முடிந்துவிட்டதால் 2,850 ரூபாய் திரும்பாது என்றார்கள். பாட்டில் போட்டோவை மூன்று முறை கேட்டு வாங்கினேன்: டெல்டாமெத்ரின். ஹெர்பலாம்! சாமந்தி இனப் பூவில் கிடைக்கும் பைரெத்ரின் மாதிரியே ஆலையில் செய்யும் மருந்து அது, பூச்சியின் நரம்பை ஓயவிடாமல் துடிக்கவைத்தே கொல்லும். குளிரில் இந்த வகை இன்னும் கடுமையாக வேலை செய்யும், நாமோ பனிக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதே இல்லை.

என்னென்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், இப்போது மனசு வரவில்லை. ஆள் வருவதற்கு முன்பே பெட்டியைப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுங்கள், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் வேறொருவர் கையில் கொடுக்காதீர்கள். பில்லை நம்பாதீர்கள், பாட்டிலைக் கையில் வாங்கி மருந்தின் பெயரைப் படியுங்கள். விஷத்தின் அளவைக் காட்ட லேபிளில் போடும் முக்கோணம் பச்சையாக இருந்தாலும் எறும்புக்கு அது விஷம்தான். கொசு லிக்விட் மிஷின், சானிடைசர் போட்ட கை, இரண்டுமே பெட்டிப் பக்கம் வரக்கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். 2,850 ரூபாயை விடுவதாக இல்லை. கேட்டால் காட்டவேண்டும் என்று அந்த மூடியைக் கழுவாமல் கவரில் கட்டி வைத்திருக்கிறேன்.